இடம் இல்லை

காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேசையை ஒழித்துத் துடைத்து, மடிக்கணினியை வைத்து, மைக்கைச் செருகியபோது சுண்டு போட்ட திட்டம் எளிமையாகத்தான் இருந்தது. மென்பொருளை ஏற்ற அரை மணி நேரம். அத்தானை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்ய இரண்டு மணி நேரம். பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட உட்காரலாம்.

மாலை ஐந்து மணிக்குள் அத்தானை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். மறுநாள் காலை தொண்டையில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு அவருக்குக் குரல் இருக்காது.

அத்தான் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூறுபவர். இருபத்தேழு வருடமாக அதுதான் தொழில். மூன்று லாரியில் ஒரே நேரத்தில் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும் கொட்டகையில், மைக் இல்லாமல், கடைசி வரிசை வியாபாரிக்கும் காது வலிக்கிற மாதிரி விலை சொல்லுவார். அந்தக் குரல்வளையில்தான் ஏதோ வளர்ந்திருந்தது. மொத்தமாக எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாள் ஒரு வழி சொன்னார். அறுவைக்கு முன்னால் இருநூறு வாக்கியங்களை அவர் குரலில் பதிவு செய்துகொண்டால், அதை வைத்து ஒரு குரலை உருவாக்கிக் கைபேசியில் போட்டுவிடலாம். அவர் தட்டச்சு செய்வார், கைபேசி அவர் குரலிலேயே பேசும். பதிவு இல்லையென்றால் ஏற்கெனவே தயாராக இருக்கும் குரல்தான். அதைப் போட்டும் காட்டினார். ஆஸ்பத்திரி லிஃப்டில் "மூன்றாம் தளம்" என்று சொல்லுமே, அதே பெண் குரல். அத்தான் கேட்டுவிட்டுத் தலையை ஒரே ஆட்டாக ஆட்டி வேண்டாம் என்றார்.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்தார்கள். நேற்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு, தேதி முன்னால் வந்துவிட்டது, நாளைக்கே வந்து சேருங்கள் என்று சொன்னார்கள். கையில் ஒரு பகல்தான் மிச்சம்.

அக்கா உடனே தங்கையைத்தான் கூப்பிட்டாள். சுண்டு பாலிடெக்னிக்கில் கணினி ஆய்வகப் பொறுப்பாளர். முப்பத்தெட்டு வயதாகியும் வீட்டில் அவள் சுண்டுதான், பிறக்கும்போது சுண்டு விரல் அளவுதான் இருந்தாளாம். தன் லினக்ஸ் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டாள்.

கைபேசியில் பதிவு செய்து கொடுத்தால் ஆகாதா என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்விதான். ஆகாது. ஆஸ்பத்திரியின் பதிவு நிரல்தான் ஒவ்வொரு வாக்கியத்தையும் கேட்டு, இரைச்சல் இருக்கிறதா, சொல் விட்டுப்போனதா என்று பார்த்து ஏற்றுக்கொள்ளும். அது ஏற்றுக்கொண்ட பதிவை மட்டும்தான் அங்கே வாங்குவார்கள். அந்த நிரல் கன்டெய்னருக்குள் இருக்கிறது.

கன்டெய்னர் என்றதும் அத்தானுக்குத் துறைமுகம்தான் ஞாபகம் வந்தது. சுண்டு விளக்கினாள். நிரலையும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களையும் ஒரே பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். எந்தக் கணினியில் இறக்கினாலும் பெட்டி வேலை செய்யும்.

"அப்புறம் என்ன, இறக்க வேண்டியதுதானே?" என்றார் அத்தான்.

"பெட்டியை இறக்கக் கிரேன் வேணும்ல அத்தான்? முதல்ல கிரேனைக் கொண்டுவந்து நிறுத்தணும்."

அந்தக் கிரேனை நிறுத்தும் வழியை ஆஸ்பத்திரியின் கணினிப் பொறியாளர் ஒரு தாளில் கைப்பட எழுதிப் பேச்சுப் பயிற்சி அம்மாளிடம் கொடுத்திருந்தார். கட்டளைகள் ஆங்கிலத்தில், பக்கத்தில் தமிழில் குறிப்பு. எழுத்து ஒன்றுக்கொன்று சண்டை போட்டுக்கொண்டு தள்ளித் தள்ளி நின்றது.

முதல் கட்டளையிலேயே கணினி மறுத்தது. வேறு ஏதோ வேலை நடந்துகொண்டிருக்கிறது, மென்பொருள் கிடங்கு பூட்டியிருக்கிறது என்றது. யார் பூட்டினார்கள் என்று அத்தான் கேட்டார். யாரும் பூட்டவில்லை, தானாகப் புதுப்பித்துக்கொள்கிற நேரம், அதுவே உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டது என்றாள் சுண்டு. கல்யாண வீட்டில் குளியலறைக் கதவு முன்னால் நிற்பது போல மூன்று பேரும் இருபத்தைந்து நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கதவு திறந்தது. அவசரத்தில் சுண்டு தாளைச் சரியாகப் பார்க்காமல் மனதில் இருந்த பெயரை அடித்தாள். மென்பொருள் மளமளவென்று ஏறியது. ஓட்டிப் பார்த்தால் அது வேறு யாரோ. திரையின் மூலையில் சின்னச் சின்னப் படங்களை அடுக்கி வைக்கிற ஒரு பழைய சாமான், பெயரில் மட்டும் சொந்தக்காரன். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தாளில் இருந்த முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாக அடித்து ஏற்றினாள். மணி பத்தேகால்.

இப்போது சரியான கிரேன் வந்து நின்றது. ஆனால் அவளைத் தொட விடவில்லை. அனுமதி இல்லை என்றது.

"இது உன் கம்ப்யூட்டர்தானே?" என்றார் அத்தான்.

"என்னோடதுதான்."

"உன்னையே யாருன்னு கேக்குதா? எங்க சந்தை வாட்ச்மேனும் இப்படித்தான். சம்பளம் குடுக்கிறவனையே கேட்ல நிறுத்துவான்."

அக்கா உதட்டில் விரல் வைத்து அதட்டினாள். இன்றைக்குத் தொண்டையை அலட்டக் கூடாது, இருக்கிற குரலைப் பதிவுக்கு மிச்சம் பிடிக்க வேண்டும் என்று பயிற்சி அம்மாள் சொல்லியிருந்தார். அத்தானிடம் பேசாதே என்று சொல்வது மீனிடம் நீந்தாதே என்று சொல்வது மாதிரி. ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு மேசையை விரலால் தட்டினார். அது பேச்சைவிட மோசமாக இருந்தது.

சுண்டு தன் பெயரை அனுமதிப் பட்டியலில் சேர்த்தாள். சேர்த்த பிறகும் உள்ளே விடவில்லை. வெளியே போய்விட்டு மறுபடி நுழைந்தால்தான் பட்டியலைப் பார்க்கும் என்று தாளில் ஒரு மூலையில் நசுங்கிக் கிடந்த குறிப்பைப் பிறகுதான் கவனித்தாள். வெளியேறி உள்ளே வந்தாள். விட்டது.

அடுத்தது பெட்டியை இணையத்திலிருந்து இறக்குவது. நான்கு ஜிபி. வீட்டு இணையம் நொண்டியது. சுண்டு தன் கைபேசியிலிருந்து இணைப்பு கொடுத்தாள். சதவீதம் எழுபத்தொன்றில் நின்று, இணைப்பு அறுந்து, கொஞ்சம் பின்னால் போய், மறுபடி ஏறியது. அக்கா அதற்குள் ஆஸ்பத்திரிப் பையை இரண்டு முறை அடுக்கிக் கலைத்து மூன்றாம் முறை அடுக்கினாள். பதினொன்றரை மணிக்கு நூறு என்று காட்டியபோது யாரும் சந்தோஷப்படவில்லை. அந்த நிலையைத் தாண்டியிருந்தார்கள்.

இனி ஒரே ஒரு கட்டளை. பெட்டியைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. தாளில் அதுதான் நீளமானது, ஒன்றரை வரி. சுண்டு பார்த்துப் பார்த்து அடித்து என்டரைத் தட்டினாள். செல்லாது என்றது. அழித்து மறுபடி அடித்தாள். செல்லாது.

"ஒரு தரம்," என்றார் அத்தான், தாழ்ந்த குரலில். "ரெண்டு தரம்."

"அத்தான், சும்மா இருங்க."

தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அந்த நீளக் கட்டளையின் நடுவே இரட்டைப் புள்ளி ஒன்று இருந்தது. அதற்கு நேர் கீழே பொறியாளர் தமிழில் இரண்டு சொல் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்: இடம் இல்லை.

அடடா என்று இருந்தது அவளுக்கு. இதுதான் சங்கதி. கணினியில் இடம் இல்லையென்றால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும் என்று முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார். கணினியின் சேமிப்பு வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தாள். தொண்ணூற்று நான்கு சதவீதம் நிரம்பியிருந்தது. சந்தேகமே இல்லை.

பொறியாளருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. காலையிலிருந்து ஆறாவது முறை. பயிற்சி அம்மாளைக் கேட்டால், அவர் ஏதோ பெரிய கூட்டத்தில் இருக்கிறார், வந்ததும் கூப்பிடச் சொல்கிறேன் என்றார்.

காத்திருக்க நேரமில்லை. எதையாவது அழித்து இடம் பண்ண வேண்டும். அக்கா பார்ப்பதற்காகச் சேர்த்து வைத்திருந்த தொடர் எண்பத்திரண்டு பகுதி, அதை முதலில் அழித்தாள். அக்கா கதாநாயகிக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். படங்கள் போயின. இன்னும் போதவில்லை. மிச்சம் இருந்த பெரிய சாமான், சுண்டு தன் மாணவர்களுக்காக இரண்டு வருடம் உட்கார்ந்து எடுத்த பாட வீடியோக்கள். ஆய்வகத்து வட்டில் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு. அத்தானைப் பார்த்தாள். மடமடவென்று தேர்ந்தெடுத்து அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள்.

வட்டில் பாதிக்கு மேல் காலி. கட்டளையை அடித்தாள்.

செல்லாது.

அப்போதுதான் சுண்டுவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பிழைச் செய்தி எந்த இடத்தைக் குறை சொல்கிறது என்று ஊன்றிப் படித்தாள். அந்த இரட்டைப் புள்ளி இருந்த துண்டைத்தான். ஒரு குறுக்குக் கோடு, ஒரு எழுத்து, ஏதோ ஒரு முகவரி, இரட்டைப் புள்ளி, இன்னொரு முகவரி. எதற்கு என்று தெரியவில்லை. கோளாறு இதில்தான் என்றால் இதுவே வேண்டாம். அந்தத் துண்டை மட்டும் நறுக்கிவிட்டு என்டரைத் தட்டினாள்.

பெட்டி திறந்தது. பச்சைத் திரை, நடுவில் முதல் வாக்கியம், கீழே சிவப்புப் பொத்தான். மணி பன்னிரண்டே முக்கால்.

அத்தான் எழுந்து போய் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு வந்தார். பதிவாகப் போவது குரல்தானே, தலை எதற்கு என்று அக்கா கேட்டதற்கு, எல்லாம் ஒரு மரியாதைக்குத்தான் என்றார். உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, செய்தி வாசிப்பவர் மாதிரி நிமிர்ந்து படித்தார். "இன்று வானம் தெளிவாக இருக்கிறது." "எனக்குக் கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" "உங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி." ஒவ்வொன்றிலும் பணிவு சொட்டியது. நிரல் ஒவ்வொன்றையும் கேட்டு ஏற்றுக்கொண்டது. பக்கத்து வீட்டில் யாரோ சுவரில் ஆணி அடித்தபோது மட்டும் நான்கு வாக்கியங்களைத் திருப்பிப் படிக்க வைத்தது. இரண்டே முக்காலுக்கு இருநூறும் முடிந்தது. அனைத்தும் சேமிக்கப்பட்டன என்று திரை சொன்னது.

சுண்டு பெட்டியை மூடினாள். மூவரும் தட்டெடுத்து உட்கார்ந்தார்கள். இரண்டாவது வாய் வைக்கும்போது பொறியாளர் கூப்பிட்டார்.

நிதானமான மனிதர். எல்லாம் முடிந்துவிட்டதா, ரொம்ப நல்லது, அந்தக் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் போட்டு எடுத்து வாருங்கள் என்றார். எந்தக் கோப்புறை என்று சுண்டு கேட்டாள். அந்த நீளக் கட்டளையில் இருக்கிறதே, அந்த முகவரி என்றார். அந்தத் துண்டை எடுத்துவிட்டேன் என்றாள்.

பொறியாளர் உடனே கேட்டார்.

"பெட்டி இப்போ திறந்திருக்குதா?"

"மூடிட்டேன் சார்."

"மூடினா அது பெட்டியையே தூக்கிப் போட்டுரும்ங்க. ஒரு தடவைக்கு ஒரு பெட்டி. நீங்க எடுத்த துண்டுதான் பெட்டிக்குச் சன்னல். அது வழியாத்தான் பதிவு வெளியில உங்க கோப்புறைக்கு வந்து விழும்."

அவள் எழுந்து உள்ளறைக்குப் போனாள். சன்னலை வைத்தால்தான் செல்லாது என்கிறதே, இடம் இல்லை என்று நீங்கள்தானே எழுதினீர்கள், இருந்ததையெல்லாம் அழித்தேனே என்றாள்.

"ஐயோ, டிஸ்க்ல இடம் இல்லைன்னு எழுதலைங்க. அந்த ரெண்டு புள்ளிக்கு முன்னயும் பின்னயும் இடம் இல்லை. ஒட்டி அடிக்கணும். என் கையெழுத்து இடம் விட்ட மாதிரி இருக்கும், அதனாலதான் கீழ எழுதினேன்."

சுண்டு தாளை எடுத்துப் பார்த்தாள். அவர் கையெழுத்தில் எல்லாமே இடம் விட்ட மாதிரிதான் இருந்தது. அந்த இடத்தில் அவள் ஒரே ஒரு முறை இடைவெளிப் பட்டையைத் தட்டியிருந்தாள். அதற்குத்தான் இரண்டு வருடப் பாடமும், அத்தானின் இருநூறு வாக்கியமும்.

போனவை போனவைதானா என்று கேட்டாள். போனவைதான் என்றார். இருநூறு வேண்டாம், எண்பது வாக்கியமாவது இருந்தால் சமாளிக்கலாம், அதற்குக் கீழே போனால் குரல் நிற்காது என்றார். மணி மூன்று. நாலேகாலுக்கு டாக்சி சொல்லியிருந்தது.

வெளியே வந்து சொன்னாள். சுற்றி வளைக்காமல், தப்பு தன்னுடையது என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. பேசத் தொடங்கியபோது தொண்டை ஏற்கெனவே கரகரத்திருந்தது.

"போதும் விடு. அந்த லிஃப்ட் பொம்பளையே பேசட்டும். எனக்கென்ன, நானா கேக்கப் போறேன்?"

கணினி விவகாரத்தில் அக்கா அதுவரை தலையிடவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, அவர் நாற்காலியை மைக் பக்கமாக இழுத்துத் திருப்பினாள்.

"நான்ல கேக்கப் போறேன்?" என்றாள். "எனக்கு அவ வேண்டாம். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.

சுண்டு கட்டளையை அடித்தாள். இரட்டைப் புள்ளிக்கு முன்னும் பின்னும் ஒட்டி, இடைவெளிப் பட்டைக்குப் பக்கத்திலேயே கட்டை விரலைக் கொண்டுபோகாமல் அடித்தாள். பெட்டி திறந்தது. முதல் வாக்கியத்தைப் படிக்கச் சொல்லி, படித்ததும் அவரை நிறுத்திவிட்டு, வெளியே கோப்புறையைத் திறந்து பார்த்தாள். ஒரு கோப்பு வந்து விழுந்திருந்தது. இரண்டாவது வாக்கியத்துக்கும் பார்த்தாள். ஐந்தாவதுக்கும் பார்த்தாள். பத்தாவதில் அத்தான் கண்ணாடிக்கு மேலாக முறைத்தார்.

இம்முறை செய்தி வாசிப்பு இல்லை. படித்ததையே திரும்பப் படிக்கிற எரிச்சல், பசி, ஓடிக்கொண்டிருக்கிற நேரம் எல்லாம் சேர்ந்துகொண்டன. இன்று வானம் தெளிவாக இருக்கிறது என்று வானத்தின் மேல் குற்றம் சாட்டினார். வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டது, கிடைக்காவிட்டால் தெரியும் சேதி என்பது மாதிரி இருந்தது. முப்பதாவது வாக்கியத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி ஆணியை எடுத்தார். அக்கா மொட்டை மாடிக் கதவைத் திறந்துகொண்டு போனாள். என்ன சொன்னாளோ, அதன் பிறகு சத்தம் வரவில்லை.

ஐம்பதைத் தாண்டியபோது குரல் உடையத் தொடங்கியது. நிரல் இரண்டு வாக்கியங்களை ஏற்க மறுத்தது. ஒரு மடக்கு வெந்நீர் குடித்து, கனைத்து, மறுபடி படித்தார். எழுபதில் மூச்சு வாங்கியது. சுண்டு கோப்புறையைப் பார்ப்பதை விட்டு அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்ணை எடுத்தால் படிப்பதையே நிறுத்திவிடுவோம் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

எண்பது முடிந்தது. பாதுகாப்புக்கு இன்னும் மூன்று. நாலு மணி எட்டு நிமிடம்.

சுண்டு பெட்டியை மூடுவதற்கு முன்பே கோப்புகளைப் பென் டிரைவில் போட்டாள். அக்காவின் கைபேசிக்கு அனுப்பினாள். தனக்கே ஒரு மின்னஞ்சலும் போட்டுக்கொண்டாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடினாள். கோப்புறையில் எண்பத்து மூன்றும் அசையாமல் இருந்தன.

ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னார் அத்தான். கண்ணில் பட்டதை அழுத்தினாள்.

உங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி, என்றது மடிக்கணினி. வாசலுக்கு வந்த கடன்காரனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற தொனியில்.

அத்தானின் முகம் தொங்கியது. இன்னொன்றைப் போடச் சொன்னார். அதுவும் அப்படித்தான் இருந்தது. கரகரப்பும் கடுகடுப்பும். மத்தியானம் எவ்வளவு அழகாகப் படித்தோம் என்று நினைத்தாரோ என்னவோ, மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் சுண்டு, இதை வெச்சுத்தான் குரல் பண்ணுவாங்களா?"

"ஆமா அத்தான்."

"அப்போ ஆயுசு பூரா எல்லார்கிட்டயும் நான் எரிஞ்சு எரிஞ்சு விழணுமா?"

சுண்டு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். வாசலில் டாக்சி வந்து ஹாரன் அடித்தது. அக்கா ஆஸ்பத்திரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பென் டிரைவை அதன் உள்ஜிப்பில் போட்டு இழுத்து மூடினாள்.

"மத்தியானம் படிச்சீங்களே, அது யாருன்னு எனக்கே தெரியலை," என்றாள். "இதுல புதுசா ஒண்ணும் இல்லையே. கிளம்புங்க."

அவர் ஏதோ பதில் சொல்ல வந்தார். பிறகு குரலை மிச்சம் பிடிக்கிற காரணம் இனி இல்லை என்று உறைத்திருக்க வேண்டும். செருப்பைத் தேடுவதிலிருந்து டாக்சியின் கதவைச் சாத்துவது வரை அக்காவைத் திட்டிக்கொண்டே போனார். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே நடந்தாள்.